2070 வரை ஓடும் டிஸ்னி டைம்ஷேர்: கையெழுத்து போடலாமா?

கேள்வி:

நாங்கள் அட்லாண்டா பக்கம் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. கிரீன் கார்டு எப்போது வரும் என்று தெரியவில்லை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. போன மாதம் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போயிருந்தபோது ரிவியரா ரிசார்ட்டைச் சுற்றிக் காட்டி, டிஸ்னி வெகேஷன் கிளப் டைம்ஷேர் (விடுதியில் ஒரு பங்கை வாங்கி வருடா வருடம் தங்கும் ஏற்பாடு) பற்றி விளக்கினார்கள். 150 பாயிண்ட், ஒரு பாயிண்ட் 220 டாலர், மொத்தம் 33,000 டாலர். 10 சதவீதம் முன்பணம், மீதிக்கு 11 சதவீத வட்டியில் பத்து வருடக் கடன். மாதம் 409 டாலர் வரும். அதுபோக வருடா வருடம் பாயிண்டுக்கு எட்டரை டாலர் மெயின்டனன்ஸ். "ஒவ்வொரு தடவையும் ஹோட்டலுக்கு வாடகை கொட்டுவதற்கு நமக்கென்று ஒன்று இருக்கட்டும், பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்" என்கிறார் கணவர். எங்கள் கையில் இருக்கும் சேமிப்பு 20,000 டாலர். கும்பகோணத்தில் இருக்கும் மாமனார், மாமியார் அவ்வப்போது வந்து சில மாதம் தங்குவார்கள்; அடுத்த டிசம்பரில் அவர்களையும் டிஸ்னிக்கு அழைத்துப் போக ஆசை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடையில் ஊருக்கும் போக வேண்டும். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. மாத இறுதி வரைதான் இந்த விலையாம். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இந்த விலைக்கு, இந்தக் கடனில், இப்போதைய உங்கள் விசா நிலையில் இதில் கையெழுத்து போட வேண்டாம். ஆனால் உங்கள் கணவரின் ஆசை தவறான ஆசை அல்ல. டைம்ஷேர் என்றாலே ஏமாற்று என்று சொல்லிக் கதவைச் சாத்தினால் அவர் கேட்கவும் மாட்டார். அது நியாயமும் இல்லை. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்த்தால் அவருக்கே விளங்கும். இந்தப் பதிலை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

டிஸ்னி வெகேஷன் கிளப் 1991-ல் தொடங்கியது. இன்று ஓல்ட் கீ வெஸ்ட் என்று அழைக்கப்படும் ரிசார்ட்தான் முதலாவது. வருடத்தில் இன்ன வாரம் உங்களுடையது என்று கட்டிப்போடும் பழைய முறைக்குப் பதிலாக அவர்கள் பாயிண்ட் முறையைக் கொண்டுவந்தார்கள். வருடா வருடம் உங்கள் கணக்கில் 150 பாயிண்ட் விழும். எந்த அறை, எந்த சீசன், எத்தனை இரவு என்பதைப் பொறுத்து அது கழியும். நீங்கள் வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே அறை பிடிக்கலாம். மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்புதான். வாங்கும் பங்குக்குப் பத்திரம் உண்டு, ஃபுளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டியில் பதிவாகும். ரிவியராவுக்கு அந்தப் பத்திரம் 2070 ஜனவரி கடைசியோடு முடிகிறது.

முடிவுத் தேதி இருப்பதை நான் நல்ல விஷயமாகத்தான் பார்க்கிறேன். ஆர்லாண்டோவைச் சுற்றி இலவச டிக்கெட் கொடுத்து உட்கார வைத்து விற்கும் டைம்ஷேர்களில் பல, முடிவே இல்லாமல் வாரிசுகள் வரை மெயின்டனன்ஸ் பில்லை இழுத்துக்கொண்டு போகிறவை. திரும்ப விற்கப் போனால் ஒரு டாலருக்குக்கூட ஆள் கிடைக்காது. டிஸ்னியுடையது அந்த ரகம் அல்ல. கைமாறிய விற்பனைக்கு உண்மையான சந்தை இருக்கிறது. உங்கள் கணவர் ஏமாறப் பார்த்தார் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அவர் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் நம் குடும்பங்களில் பாதிப்பேர் இதையே சொல்கிறார்கள். வாடகை கொடுப்பதற்கு இஎம்ஐ கட்டலாம் என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. வீடு வாங்கும்போது அதில் அர்த்தம் இருக்கிறது. கடன் அடைந்த பிறகு வீடு நிற்கும், அதன் அடியில் மனை நிற்கும். இங்கே கடன் பத்து வருடத்தில் அடைந்தாலும் மெயின்டனன்ஸ் நிற்காது. 2070-ல் பத்திரமும் காலாவதியாகிவிடும், கையில் ஒன்றும் இருக்காது. ஊரில் ஒத்திக்கு வீடு எடுத்தால்கூடக் காலி செய்யும் நாளில் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரும். இதில் அதுவும் கிடையாது. நீங்கள் வாங்குவது சொத்து அல்ல, 45 வருட விடுமுறை வாடகையின் ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுகிறீர்கள். முன்கூட்டிக் கட்டுவதால் எவ்வளவு மிச்சம், எத்தனை வருடத்தில் மிச்சம் என்பது மட்டுமே கேள்வி.

பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும் என்பதையும் இதோடு முடித்துவிடுகிறேன். பத்திரம் முடியும்போது உங்கள் மகளுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அதற்கு முன்பே அது பிள்ளைகள் கைக்குப் போனால் மெயின்டனன்ஸ் பில்லும் கூடவே போகும்.

இப்போது கணக்கு. ரிசார்ட்டைச் சுற்றிக் காட்டியவர்கள், இதே அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு ஹோட்டல் வாடகை என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் காட்டியிருப்பார்கள். ரிவியரா டிஸ்னியின் மேல்தட்டு விடுதிகளில் ஒன்று. அந்த வாடகை பொய்யில்லை. ஆனால் அந்த வாடகை கொடுத்து நீங்கள் அங்கே தங்குவீர்களா? போன மாதம் எங்கே தங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸிமியில் ஒரு வீட்டையோ நடுத்தர விடுதியையோ எடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நாம் கொடுக்கவே போகாத வாடகையோடு ஒப்பிட்டால் எதுவும் மலிவாகத்தான் தெரியும்.

சரியான ஒப்பீடு வேறொன்று இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். ஏற்கெனவே பாயிண்ட் வைத்திருக்கும் உறுப்பினர்கள் தங்களால் போக முடியாத வருடத்தில் பாயிண்ட்டை மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதே ரிவியரா, அதே அறை, அதே நீச்சல் குளம். பாயிண்டுக்கு 20 டாலர் அளவில் கிடைக்கிறது. 150 பாயிண்டுக்கு 3,000 டாலர். நீங்கள் சொந்தமாக வாங்கினால் அதே 150 பாயிண்டுக்கு வருட மெயின்டனன்ஸ் மட்டுமே 1,275 டாலர். ஆக, வாங்குவதால் வருடத்துக்கு மிச்சமாவது 1,725 டாலர்.

33,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்து வாங்கினாலும் போட்ட பணம் திரும்ப 19 வருடம் ஆகும். கடனில் வாங்கினால், முன்பணம் 3,300, பத்து வருடத் தவணை சுமார் 49,100, மொத்தம் 52,400 டாலர். அதாவது வட்டிக்கு மட்டும் 19,400. இதைத் திரும்ப எடுக்க 30 வருடம். உங்கள் மகளுக்கு அப்போது 39 வயது, மகனுக்கு 36. மிக்கி மவுஸைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் வயது இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கும். ராட்டினங்களுக்காக ஆசைப்படும் வயது அதற்கு மேல் கொஞ்ச காலம். அந்த வருடங்களில் கிடைக்கும் மகிழ்ச்சிக்குப் பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வழியில் போன பிறகும் பல வருடம் போனால்தான் கணக்கு நேராகும் என்றால், இந்த விலை உங்களுக்கானது அல்ல.

வாடகை பாயிண்ட்டின் விலையும் ஏறுமே என்று அவர் கேட்பார், கேட்க வேண்டும். ஏறும். மெயின்டனன்ஸும் ஏறும். வருடத்துக்கு 4 சதவீதம் ஏறினால் 18 வருடத்தில் 1,275 டாலர் இரட்டிப்பாகி 2,550 ஆகிவிடும். சொத்து வரி, பழுதுபார்ப்பு, பேருந்து, பணியாளர் சம்பளம் எல்லாம் அதில்தான் அடக்கம். ஃபுளோரிடாவில் எது குறையப் போகிறது? நடுவில் விற்றால் கொஞ்சம் பணம் திரும்ப வரும் என்பதும் உண்மைதான். ஆனால் ரிவியராவில் அந்த இடத்திலேதான் சிக்கல் இருக்கிறது.

2019 ஜனவரியில் டிஸ்னி ஒரு விதியைக் கொண்டுவந்தது. ரிவியரா பாயிண்ட்டை இரண்டாம் கையாக வாங்குகிறவர் ரிவியராவில் மட்டுமே தங்க முடியும், மற்ற டிஸ்னி வெகேஷன் கிளப் ரிசார்ட்டுகளுக்குப் போக முடியாது. இந்த நிபந்தனையோடு வாங்க வருபவர் குறைத்துத்தானே கேட்பார்? பாயிண்டுக்கு 220 டாலர் கொடுத்து நீங்கள் வாங்குவது மறு விற்பனையில் 110, 120 டாலருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கையெழுத்து காய்வதற்குள் 33,000 டாலர் 18,000 ஆகிவிடுகிறது.

இதை உங்கள் விசாவோடு சேர்த்துப் பாருங்கள். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள். ஐ-140 கையில் இருப்பதால் வரிசையில் உங்கள் இடம் போகாது என்றாலும், இங்கே தங்கும் உரிமையை அது மட்டும் தராது. மூன்று வருடம் கழித்து அப்படி ஒரு நிலைமை வந்து சென்னைக்கோ கனடாவுக்கோ கிளம்ப வேண்டியதாகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் கடன் பாக்கி கிட்டத்தட்ட 23,900 டாலர் இருக்கும். பாயிண்ட்டை 120 டாலருக்கு விற்றால் 18,000 வரும், அதிலும் தரகர் கமிஷன் போகும். கையிலிருந்து ஆறாயிரம் டாலருக்கு மேல் போட்டால்தான் தலை தப்பும். விற்காமல் வைத்திருந்தால் தவணையும் மெயின்டனன்ஸும் டாலரில் துரத்தும். கட்டாமல் விட்டால் பறிமுதல் நடவடிக்கை, அதோடு கிரெடிட் வரலாறும் கெடும். கிரீன் கார்டு வந்த பிறகு இதே பேச்சை எடுத்தால் நான் வேறு தொனியில் எழுதுவேன்.

அறைக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ரிவியராவின் வழக்கமான ஸ்டுடியோவில் 5 பேர் தங்கலாம். ஒற்றைப் படுக்கையறை வில்லாவிலும் 5 பேர்தான். மாமனார் மாமியாரோடு நீங்கள் ஆறு பேர். ஆகவே இரண்டு ஸ்டுடியோ எடுக்க வேண்டும், அல்லது இரட்டைப் படுக்கையறை வில்லா எடுக்க வேண்டும். 150 பாயிண்ட் என்பது கூட்டம் இல்லாத சீசனில் ஒரு ஸ்டுடியோவில் ஏறக்குறைய ஒரு வாரம். இரட்டைப் படுக்கையறைக்கு அதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு ஆகும்; கிறிஸ்துமஸ் வாரம் வருடத்திலேயே பாயிண்ட் அதிகம் தின்னும் வாரம். போன வருடத்தது, இந்த வருடத்தது, அடுத்த வருடத்திலிருந்து கடன் வாங்கியது என மூன்று வருட பாயிண்ட்டை ஒன்றாகப் போட்டாலும் ஆறு பேருக்கு அங்கே முழு வாரம் கிடைப்பது சந்தேகம்தான்.

சமையல் விஷயமும் உண்டு. ஸ்டுடியோவில் சின்ன ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், டோஸ்டர், காபி போடும் மெஷின், அவ்வளவுதான். அடுப்பு கிடையாது. ஒற்றைப் படுக்கையறையிலிருந்துதான் அடுப்பு, பெரிய ஃப்ரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், துணி துவைத்து உலர்த்தும் மெஷின் எல்லாம் வரும். பெரியவர்கள் சைவமாக இருந்து, இரவில் ஒரு கை ரசம் சாதம் இல்லாமல் தூக்கம் வராது என்றால், ஸ்டுடியோ அவர்களுக்குச் சரிப்படாது. பூங்காவுக்குள் நாமே சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு பண்ண வேண்டிய உணவாக இருக்கக் கூடாது. காலையில் வில்லாவில் சாதம் வடித்துப் புளிசாதமும் தயிர்சாதமும் டப்பாவில் கட்டிக்கொண்டு போகலாம். மதியம் வரிசையில் நின்று, பெரியவர்களுக்கு ஆகாத உணவுக்கு ஆறு பேருக்கும் காசு கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இந்த இடத்தில் டிஸ்னி ரிசார்ட்டின் நல்ல பக்கத்தையும் மனதாரச் சொல்ல வேண்டும். ரிவியராவில் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. எப்காட் பூங்காவுக்கு நேராகப் போகலாம், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கு ஓர் இடத்தில் மாற வேண்டும். வெளியே தங்கினால் தினமும் கார் எடுத்து, பார்க்கிங் கட்டணம் கட்டி, நிறுத்துமிடத்திலிருந்து நுழைவாயில் வரை பெரியவர்களை நடக்க வைக்க வேண்டும். மதியம் கால் வலிக்கிறது என்று மாமியார் சொன்னால் ரிசார்ட்டில் இருப்பவர்கள் அறைக்குத் திரும்பி, படுத்து எழுந்து, சாயங்காலம் மறுபடி போகலாம். பாயிண்டில் தங்கினால் ஹோட்டல் பில்லில் வரும் 12.5 சதவீத வரியும் இல்லை. அட்லாண்டாவிலிருந்து ஆறேழு மணி நேரத்தில் காரிலேயே போய்விடலாம் என்பதால் உங்களுக்கு விமானச் செலவும் மிச்சம். கலிபோர்னியாவில் இருக்கும் குடும்பத்துக்கு இந்த வசதி கிடையாது. இவையெல்லாம் உண்மையான சௌகரியங்கள். ஆனால் இவற்றை அனுபவிக்க உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாயிண்ட்டை வாடகைக்கு எடுத்தவருக்கும் இதே கேபிள் கார், இதே அடுப்பு.

பூங்கா டிக்கெட்டுக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதைப் பலர் பிறகுதான் உணர்கிறார்கள். ஒரு நாள் டிக்கெட் 119 டாலரில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் 200 டாலரைத் தொடும். 3 வயது முடிந்தாலே டிக்கெட் உண்டு. 10 வயது வந்தால் பெரியவர் கட்டணம், உங்கள் மகள் அந்த வாசலில்தான் நிற்கிறாள். ஆறு பேருக்கு நான்கு நாள் என்றால் டிசம்பரில் டிக்கெட் மட்டுமே 3,000 டாலரைத் தாண்டிவிடும். 150 பாயிண்ட் கைவசம் இருக்கிறதே, வீணாகக் கூடாதே என்று கிளம்பும் ஒவ்வொரு பயணமும் இந்தச் செலவையும் இழுத்துக்கொண்டு வரும்.

அடுத்தது ஊருக்குப் போகும் வருடம். நான்கு பேருக்கு விமான டிக்கெட், ஊரில் ஆகும் செலவு, அதற்கும் மேலாக லீவு. இரண்டு வருடம் சேர்த்து வைத்த லீவு ஒரு கோடையில் கரைந்துவிடும். அந்த வருடத்தில் டிஸ்னிக்கு லீவு எங்கிருந்து வரும்? பாயிண்ட்டை அடுத்த வருடத்துக்கு ஒத்தி வைக்க வழி இருக்கிறது. ஆனால் உங்கள் ஒப்பந்த வருடம் தொடங்கிய முதல் 8 மாதத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். ஒருமுறை ஒத்தி வைத்ததை மறுபடி ஒத்தி வைக்க முடியாது. அந்த வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் போயிற்று. பயணத்துக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் அந்தப் பாயிண்ட் தனிக் கணக்குக்குப் போய்விடும். பிறகு 60 நாளுக்குள் வரும் தேதிகளுக்கு மட்டுமே, அதுவும் அறை காலியாக இருந்தால்தான் பயன்படும். ஊரில் பெரியவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தால் அன்றே டிக்கெட் போட்டுக் கிளம்புகிறவர்கள் நாம். மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிடச் சொல்லும் ஏற்பாட்டுக்குள் நம் வாழ்க்கை எவ்வளவு தூரம் அடங்கும் என்று யோசியுங்கள். மாமனார் மாமியாரைப் பார்க்கப் போக வைத்திருக்கும் பணமும் லீவும்தான் இந்த ஒப்பந்தத்தோடு உண்மையில் போட்டி போடுகின்றன. உங்கள் மனம் ஒப்பாததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், கணவரிடமும் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

அப்படியானால் யாருக்கு இது ஏற்றது? கிரீன் கார்டோ குடியுரிமையோ கையில் இருந்து, கடன் இல்லாமல் வாங்கும் வசதி இருந்து, டிஸ்னிக்குப் போவது ஏற்கெனவே வழக்கமாகிவிட்ட குடும்பத்துக்கு ஏற்றது. அவர்களுக்கும் நான் சொல்வது இரண்டாம் கையாக வாங்குங்கள் என்றுதான். சாரடோகா ஸ்பிரிங்ஸ் (பத்திரம் 2054 வரை), அனிமல் கிங்டம் வில்லாஸ் (2057 வரை) போன்ற மற்ற டிஸ்னி ரிசார்ட்டுகள் பாயிண்டுக்கு 100 டாலரை ஒட்டிக் கிடைக்கின்றன. 150 பாயிண்ட் 15,000 டாலர். மெயின்டனன்ஸ் கிட்டத்தட்ட அதே அளவு. மேலே போட்ட அதே கணக்கில் போட்ட பணம் 9 வருடத்துக்குள் திரும்பிவிடும். அதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருக்க மாட்டார்கள், அல்லது அப்போதுதான் போவார்கள். அப்படி வாங்கியவர்களுக்கு ரிவியராவில் தங்கும் உரிமை கிடையாது, பூங்காக்களுக்கான வருட பாஸ் வாங்கும் தகுதி போன்ற உறுப்பினர் சலுகைகளும் கிடைக்காது. அனிமல் கிங்டமில் பால்கனியில் காபி குடித்துக்கொண்டே ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கும் அறைகள் இருக்கின்றன. பிள்ளைகள் ரிவியராவைக் கேட்க மாட்டார்கள்.

இரண்டாம் கை ஒப்பந்தத்தில் டிஸ்னிக்கு ஓர் உரிமை உண்டு. நீங்கள் பேசி முடித்த விலைக்கே அவர்கள் அதைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அடிமாட்டு விலைக்குப் பேசினால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். முன்பணம் திரும்பிவிடும், வேறு பார்க்க வேண்டும். ஆனால் இப்போது உங்களுக்கு அதுவும் வேண்டாம். அந்த 20,000 டாலர் சேமிப்பு வேலை போனால் ஆறு மாதம் வீடு நடத்துவதற்கான பணம். அதில் கை வைக்கக் கூடாது.

மாத இறுதிச் சலுகை போனால் போகட்டும். ஒரு சலுகை முடிந்தால் வேறொரு சலுகை வரும். வராவிட்டாலும் மறு விற்பனை விலை எப்போதும் அதைவிடக் கீழேதான். ஒருவேளை இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் கையெழுத்து ஆகிவிட்டிருந்தால் பதற வேண்டாம். ஃபுளோரிடா சட்டப்படி கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, கொடுக்க வேண்டிய ஆவணங்களில் கடைசி ஆவணம் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். அதற்கு அபராதம் கிடையாது. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எதில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் செல்லாது. ஆனால் போனில் சொன்னால் போதாது. எந்த முகவரிக்கு, எப்படி எழுத வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதன்படி எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அனுப்பியதற்கான அத்தாட்சியோடு தபாலில் போடுங்கள். பத்து நாள் தாண்டியவர்களிடம், "முன்பணம் கொடுத்தால் டைம்ஷேரிலிருந்து விடுவித்துத் தருகிறோம்" என்று போன் செய்யும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள்.

அடுத்த டிசம்பர் பயணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் நடமாட்டமாக இருக்கும்போது பேரப்பிள்ளைகளோடு போய்வருவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வழி இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் கிஸிமி, டேவன்போர்ட் பக்கம் நான்கு படுக்கையறை வீடு. சமையலறை முழுதாக இருக்கும், நீச்சல் குளமும் இருக்கும். ரிசார்ட் அனுபவம்தான் வேண்டும் என்றால் இரட்டைப் படுக்கையறை வில்லாவுக்கு வேண்டிய பாயிண்ட்டை வாடகைக்கு எடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்த்து டிசம்பர் முதல் பாதியில், பள்ளிக்கு இரண்டு மூன்று நாள் லீவு போட்டுப் போனால் பாயிண்ட் கணிசமாகக் குறையும்; அலங்கார விளக்குகள் எல்லாம் அப்போதே போட்டிருப்பார்கள். வாடகைக்கு எடுத்த பாயிண்ட்டுக்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வராது. ஆகவே பெரியவர்களுக்கு விசாவும் விமான டிக்கெட்டும் உறுதியான பிறகே பணம் கட்டுங்கள். ரத்தானால் ஈடு தரும் பயணக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் வைத்திருப்பவர் 11 மாதத்துக்கு முன்பு, காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்போதே உங்களுக்காக அறை பிடிக்க வேண்டியிருக்கும். டிசம்பர் 5-க்குப் போக வேண்டுமென்றால் அந்த வருடம் ஜனவரி 5. புத்தாண்டுக்கு முன்பே தேதியை முடிவு செய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.